உறங்கியவர் ஓங்கிய கை

உண்ணாமுலை நாயகியை இடப்பாகத்தே கொண்டு அண்ணாமலையாய் எழுந்து நின்றவனே! விழித்திருக்கையில் நாங்கள் அறியாது செய்யும் பிழைகளையும், உறங்குகையில் அறியாது செய்யும் பிழைகளையும் ஒருசேரப் பொறுத்தருள்பவனே! சொல்ல வந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லும் நேர்மையை இந்த முதிய கைக்குத் தந்தருள்வாய்.

இன்று பங்குனி உத்திரத் திருநாள். அம்மையும் அப்பனும் மணக்கோலம் கொள்ளும் நன்னாள். காலை வழிபாடு முடிந்து வந்து இதை எழுதத் தொடங்குகிறேன்.

நரம்பியல் பிரிவில் புதிதாய்ச் சேர்ந்திருக்கும் இளைய மருத்துவர்களே! உறக்கத்தைக் கலைக்கும் உடலசைவு நோய்களைப் பற்றி என் அனுபவத்தை எழுதித் தருமாறு கேட்டீர்கள். இம்மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளில் பொது மருத்துவராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். மருந்துகளின் அளவும் ஆய்வுகளின் முறையும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகையால் அவற்றை விட்டுவிட்டு, நான் செய்த பிழை ஒன்றை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். நடந்ததை மாற்றவில்லை.

அதற்கு முன் ஒரு சொல். இவ்வகை நோய்கள் நம் ஊரில் வேறு வேடம் பூண்டு திரிகின்றன. அடி அண்ணாமலையில் கடை வைத்திருந்த அம்மையார் ஒருவர், படுத்தால் காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல் இருக்கிறது என்று நாள்தோறும் எழுந்து மலையை வலம் வந்துகொண்டிருந்தார். ஊரார் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டிருக்கிறேன். அவருடைய இரத்தத்தில் இரும்புச்சத்து வற்றிப் போயிருந்ததைப் பல மாதங்கள் கழித்தே பார்த்தேன். சத்து ஏறியதும் அவர் உறங்கினார். அதன் பிறகும் பௌர்ணமிதோறும் வலம் வந்தார். "இப்பதான் டாக்டரம்மா சாமிக்காக நடக்கறேன், இத்தினி நாளா காலுக்காக நடந்தேன்" என்றார். அந்தப் பிழை சிரித்து மறக்கக் கூடியது. இனி எழுதப்போவது அத்தகையதன்று.

வைகாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. புறநோயாளிகளின் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. செல்வி என்ற பெண்மணி வந்து அமர்ந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. இடக்கண் வீங்கி மூடியிருந்தது. முன்கையில் நீலமும் பச்சையும் மஞ்சளுமாய்க் கன்றல்கள் இருந்தன. ஒரே நாளில் பட்ட அடிகள் அவ்வாறு பல நிறம் காட்டுவதில்லை. கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டும் அவருடைய அண்ணன் பின்னால் நின்றார். கணவர் ஏழுமலை, துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கதவோரம் நின்றார்.

"யாரும்மா அடிச்சது?" என்று கேட்டேன்.

"அவருதாங்க. ஆனா தூக்கத்துலங்க. தெரிஞ்சு அடிக்கலீங்க."

அண்ணன் குறுக்கிட்டார். "இதையேதான் டாக்டரம்மா மூணு வருசமா சொல்லினு இருக்குது. தூக்கத்துல எவனாச்சும் குறி தப்பாம மூஞ்சில குத்துவானா? நானும் டெய்லி தூங்கறேன், எம் பொண்டாட்டி நல்லாத்தான் இருக்கறா."

"குடிப்பாரா?"

"இல்லீங்க. டீ கூட கம்மிதான்."

"அடிக்கும்போது ஏதாவது சொல்லித் திட்டுவாரா?"

"என் பேரைச் சொல்லித்தாங்க கத்துவாரு. செல்வி, செல்வின்னு கத்திக்கினே..."

எனக்கு அதுவே போதுமாயிருந்தது. பெயரைச் சொல்லி அடிப்பவன் ஆளை அறிந்துதான் அடிக்கிறான் என்று முடிவு செய்தேன். அவர் அந்த வாக்கியத்தை முடிக்கும் முன்பே என் பேனா எழுதத் தொடங்கிவிட்டது.

என்னை நியாயப்படுத்திக்கொள்ள இதைச் சொல்லவில்லை. ஆயினும் நீங்கள் அறிய வேண்டும். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றும், மாடு முட்டியது என்றும், கதவில் இடித்துக்கொண்டேன் என்றும் சொல்லிய பெண்களை நான் ஆண்டாண்டுகளாகப் பார்த்திருந்தேன். அவர்களுள் ஒருத்தியின் சொல்லை நம்பி வீட்டுக்கு அனுப்பினேன். அடுத்த முறை அவளை நான் பார்த்தது பிணவறையில். அன்றிலிருந்து, கணவனைக் காக்க மனைவி சொல்லும் எந்தச் சொல்லையும் நம்புவதில்லை என்று எனக்குள் ஒரு விரதம் பூண்டிருந்தேன். 'தூக்கத்தில்' என்ற சொல்லையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்தேன்.

"உள்ள வாய்யா!" என்று ஏழுமலையை அழைத்தேன். "பொம்பளை மேல கை வெக்க வெக்கமா இல்ல?"

அவர் தலை நிமிரவில்லை. "வெக்கமாத்தாங்க இருக்குது" என்றார்.

அதைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். கும்பிட்ட அவருடைய இரு மணிக்கட்டுகளிலும் கயிறு உராய்ந்த புண் இருந்தது. கண் அதைப் பார்த்தது; மாட்டுக் கயிறாக இருக்கும் என்று மனம் சொல்லிக்கொண்டது. பதிவேட்டில் 'கணவர் தாக்கியதால் ஏற்பட்ட காயங்கள்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மகளிர் காவல் நிலையத்துக்குத் தகவல் போயிற்று. அங்கே அவரை அழைத்து எச்சரித்து எழுதி வாங்கினார்கள். செல்வியை அண்ணன் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிறைவோடு அன்று நான் நன்றாகவே உறங்கினேன்.

ஆடித் திருவிழாக்கள் முடிந்த ஒரு திங்கட்கிழமை, ஏழுமலையின் ஊர் அம்மன் கோயில் பூசாரி என்னிடம் வந்தார். வலப் புருவம் பிளந்து, மஞ்சள் அப்பி, சீழ் கட்டியிருந்தது. அறுபது வயதுக்காரர். பேச்சில் குறையில்லாதவர்.

"இத்தனை நாள் ஏன் வரலை?"

"காப்பு கட்டினவன் ஊரு எல்லை தாண்டக் கூடாதுங்களே. நேத்துதான் அவுத்தோம். இது சும்மா அடியில்ல டாக்டரம்மா. சாமி அடிச்சது" என்றார் பெருமிதத்தோடு.

அவ்வூர் வழக்கத்தை அவர் விளக்கினார். அம்மனின் பல்லக்கைத் தோளில் சுமப்பவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டிக்கொள்வார்கள். பத்து நாளும் வீட்டுப் படி ஏறாமல் கோயில் மண்டபத்திலேயே படுப்பார்கள். இவ்வாண்டு சுமந்தவர்களில் ஏழுமலையும் ஒருவர்.

"மண்டபத்துல வரிசையா படுத்திருந்தோம். நாலாம் நாளு, கோழி கூவற நேரம். ஏழுமலை மேல காவல் வீரன் எறங்கிட்டாரு! கண்ணு மூடியேதான் இருக்குது, கையி மட்டும் சொழலுது. நான் போயி விபூதி வெக்கக் குனிஞ்சேன். புருவத்துல வுட்டாரு பாருங்க ஒண்ணு! வீரன் கை பட்டவன்னு அன்னிலருந்து பசங்க என் கால்ல வுழறானுங்க."

ஏழுமலை என்ற பெயர் வைகாசியை நினைவூட்டியது. செல்வியின் கணவர்தானா என்று கேட்டேன். ஆமென்றார்.

"வீரன் ஏதாவது வாக்கு சொன்னாரா?"

"மூணு நாளு, ஒரே வாக்கு. 'செல்வி, ஓடு! செல்வி, ஓடு!' அவ்ளோதான். ஊரு கூடிப் பேசினோம். அந்தப் பொண்ணு அந்த வூட்டுல இருக்கறது தெய்வத்துக்கே பொறுக்கல, அதான் வெரட்டறாரு. வர்ற வெள்ளிக்கிழமை ரெண்டு பக்கத்தையும் கூப்ட்டு கல்யாணத்தை தீத்துவுட்டுடலாம்னு முடிவு. அவங்க அண்ணனுக்கும் சம்மதம். ஏழுமலை மட்டும் வாயே தொறக்க மாட்டேங்கறான்."

புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த என் கை நின்றது.

வைகாசியில் செல்வி முடிக்காமல் விட்ட வாக்கியத்தின் மிச்சம் இதுதான். 'ஓடு' என்பது விரட்டும் சொல்லாகவும் இருக்கலாம். ஆபத்து வருகிறது, தப்பித்துக்கொள் என்று கதறும் சொல்லாகவும் இருக்கலாம். யாரிடமிருந்து ஓட வேண்டும் என்று நானும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. நான் அக்குரலில் கொடுமையைக் கேட்டேன். ஊர் தெய்வ ஆணையைக் கேட்டது. இரண்டு தீர்ப்பும் சேர்ந்து ஒரு பெண்ணை அவள் வீட்டைவிட்டு நிரந்தரமாக வெளியேற்ற இன்னும் நான்கு நாள்களே இருந்தன.

அடியார் பாடல்களை ஓதியே வளர்ந்தவள் நான். அருள் வந்துற்றபோது கண் நீர் பெருகியதையும் நாத் தழுதழுத்ததையும் அடியார்கள் பாடியிருக்கிறார்கள். விடியுமுன் கண்ணை இறுக மூடிக்கொண்டு அருகில் படுத்திருப்பவரின் புருவத்தைப் பிளந்ததாக எவரும் பாடவில்லை. ஆனால் அதைப் பூசாரியிடம் அப்போது சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார். "இவ்வளவு வேகமா அடிச்சவருக்கு அவர் கையிலயும் அடி பட்டிருக்கும். நாளைக்கே கூட்டிட்டு வாங்க, நான் பார்க்கணும்" என்றேன். "இட்டுனு வர்றது என் பொறுப்பு" என்றார்.

மறுநாள் ஏழுமலை வந்தார். இம்முறை, "வாங்க, உட்காருங்க" என்றேன். உட்காரவில்லை. வற்புறுத்திய பிறகு நாற்காலியின் நுனியில் அமர்ந்தார். வலக்கைச் சுண்டுவிரல் வீங்கியிருந்தது. மண்டபத் தூணில் மோதியது. மணிக்கட்டுகளில் பழைய தழும்புக்கு மேல் புதிய புண்.

"இது என்ன?"

"கயிறுங்க. ரெண்டு கையையும் சுருக்கு போட்டு கட்டில் கால்ல கட்டிக்கினுதான் படுப்பேன். செல்வி இருக்கும்போது பாதி ராத்திரியில அவுத்து வுட்டுடும், கை மரத்துப் போவுதுன்னு. அவுத்து வுட்ட அன்னிக்குத்தான் அதுக்கு அடி வுழும்."

"மண்டபத்துல கட்டலையா?"

"காப்பு கட்டின கையில வேற கயிறு ஆவாதுங்களே. அதான் இப்பிடி ஆயிப்போச்சு."

தன் கையைத் தானே கட்டிக்கொண்டு மூன்றாண்டுகள் படுத்த ஒரு மனிதரை நோக்கி, 'வெட்கமாக இல்லையா' என்று கேட்டிருக்கிறேன். அவரும் உண்மையைத்தான் விடையாகச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் இந்நேரம் நோயை அறிந்திருப்பீர்கள். கனவு காணும் வேளையில் நம் உடல் அக்கனவின்படி எழுந்தாடாதிருக்க மூளை கைகால்களைப் பூட்டி வைக்கிறது. நடுவயது கடந்த சிலருக்கு அந்தப் பூட்டு தளர்கிறது. கனவில் ஓங்கும் கை, கட்டிலிலும் ஓங்குகிறது. என் ஐயம் வலுவாகவே இருந்தது. ஆனாலும் வைகாசியில் இருந்த உறுதியும் வலுவானதுதான். குற்றவுணர்ச்சி என்னை இப்போது மறுபக்கம் தள்ளுகிறதோ என்று அஞ்சினேன். முதலில் அவசரப்பட்டு ஒரு குடும்பத்தைப் பிரித்தேன். இரண்டாவது அவசரம் ஒரு பெண்ணின் உயிரை வாங்கலாம். கண்ணால் காணாமல் எதையும் சொல்வதில்லை என்று தீர்மானித்தேன்.

அவர் இசைவோடு வார்டில் சேர்த்தேன். கயிறு இல்லை. தரையில் மெத்தை, சுற்றிலும் தலையணைகள், எட்டத்தில் ஒரு நாற்காலி. இரவுப் பணியில் இருந்த செவிலியரிடம், அசைவு தெரிந்தால் கைபேசியில் காணொளியாகப் படம் எடுக்கச் சொன்னேன்.

முதல் இரவு அவர் குழந்தையைப் போல் உறங்கினார். புதன்கிழமை காலை அண்ணன் தொலைபேசியில், "பாத்தீங்களா டாக்டரம்மா? ஆஸ்பத்திரியில மட்டும் அடங்கினு தூங்கறாரு. எங்க வூட்டுப் பொண்ணைப் பாத்தாத்தான் தூக்கத்துல கை நீளுமா?" என்று கேட்டார். அந்தப் பகல் முழுவதும் என் ஐயமே எனக்கு ஐயமாயிற்று.

வியாழன் காலை நான் வார்டுக்குள் நுழையுமுன் செவிலியர் கைபேசியோடு ஓடி வந்தார்.

"மேடம், நாலரை மணிக்கு! தலையணையை என்னா குத்து குத்தறாருன்றீங்க! பஞ்செல்லாம் வெளிய வந்துடுச்சு. ஸ்டோர்ல கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

படத்தைப் பார்த்தேன். கண்கள் மூடியிருக்கின்றன. முகத்தில் கோபம் இல்லை, பேரச்சம். "செல்வி, ஓடு! ஓடு!" என்ற கதறல். இரு கைகளும் எதையோ தடுத்துத் தள்ளிக் குத்துகின்றன. அப்போது, கைக்கு எட்டாத தொலைவில் நின்றபடி செவிலியர் உரக்கக் கேட்கும் குரல்.

"ஏழுமலை அண்ணா! எழுந்திருங்க! யாரை ஓடச் சொல்றீங்க? எதுக்கு ஓடணும்?"

அவர் உடனே கண் விழித்து உட்கார்ந்தார். கண்ட கனவைக் கோவையாகச் சொன்னார்.

"பன்னிம்மா. கடலைக் கொல்லையில இருந்து கொம்பு மாரி பல்லை நீட்டினு வருது. செல்வி குறுக்கால நிக்கறா. ஓடுன்றேன், ஓட மாட்டேன்றா. அவ மேல பாயறதுக்குள்ள நான் பூந்து குத்தினேன்."

பிறகு பக்கத்தில் தடவிப் பார்த்தார். "செல்வி எங்க? அதுக்கு அடி பட்டுச்சா?"

செல்வி அவர் பக்கத்தில் இல்லாமற்போய் இரண்டு மாதம் கடந்திருந்தது.

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, விடியும் வேளையில் தனியாக நின்ற அந்தப் பெண் கேட்டுவிட்டார். அதை அவரிடமே சொன்னேன். "உங்களுக்கு அன்னிக்கு கூட்டம் ஜாஸ்தி இருந்திருக்கும் மேடம்" என்றார். அன்பினால் சொன்ன சொல்; ஆனால் ஏற்றுக்கொள்ளத் தக்கதன்று. ஒரு வாக்கியத்தை முடிக்கவிட அரை நிமிடம்கூட ஆகாது.

ஏழுமலையிடம் சென்று, பயிற்சி மருத்துவர்கள் சூழ்ந்திருக்கும்போதே, என் பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறி எழுந்தார்.

"அப்பிடிச் சொல்லாதீங்கம்மா. நீங்க அன்னிக்கு அனுப்பாம இருந்திருந்தா இந்த ரெண்டு மாசமும் அதுக்கு அடி வுழுந்துக்கினேதான் இருந்திருக்கும். கண்ணு தெரியாம போயிருந்தா யாரு பொறுப்பு?"

இதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். நோயை நான் தவறாகக் கண்டேன். ஆபத்தைத் தவறாகக் காணவில்லை. கன்றல் உண்மை, வீங்கிய கண் உண்மை. உறங்குபவரின் கை, விழித்தவனின் கையைப் போலவே எலும்பை முறிக்கும். இனி உங்களிடம் யாரேனும் 'தூக்கத்தில் அடித்தார்' என்று வந்தால் நம்பாமலும் விடாதீர்கள். நம்பிய மாத்திரத்தில் வீட்டுக்கும் அனுப்பிவிடாதீர்கள். அந்தச் சொல்லைக் கேடயமாகப் பிடிக்கும் கொடியவர்களும் இருக்கிறார்கள். மனைவியைத் தனியே அமர்த்தி, பகலில் அந்தக் கை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

மாத்திரையால் இந்த அசைவு பெரும்பாலும் அடங்கும் என்று ஏழுமலையிடம் சொன்னேன். அடுத்ததைச் சொல்வதுதான் கடினமாயிருந்தது. இந்நோய் வந்தவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் நடுக்குவாதம் வருகிறது. கை நடுங்கும், நடை சுருங்கும், உடல் இறுகும். எல்லார்க்கும் வரும் என்பதில்லை. எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது. வராமல் தடுக்கும் மருந்தும் நம் கையில் இல்லை. தோளில் அம்மனைச் சுமக்கும் ஒருவரிடம், கொல்லைக்காட்டில் உழைத்துச் சாப்பிடும் ஒருவரிடம், இதைச் சொல்ல வேண்டும். பின்னால் வரக் கூடியதையும் தெரிந்துகொள்ள விருப்பமா என்று முதலில் கேட்டேன். விரும்பினார். சொன்னேன்.

முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "செல்விக்கும் சொல்லிடுங்க. தெரியாம வெச்சு இட்டுனு வரமாட்டேன்" என்றார்.

அன்று பிற்பகல் செல்வியும் அண்ணனும் பூசாரியும் வருவதாக இருந்தது. அவர்கள் வருவதற்குள் என் மனம் செய்த ஒரு காரியத்தை மறைக்காமல் எழுதுகிறேன். நடுக்குவாதத்தைச் சொல்லாமல் விட்டால் என்ன என்று அது கேட்டது. வரலாம், வராமலும் போகலாம். இப்போது சொன்னால் அண்ணன் தங்கையை அனுப்பவே மாட்டார். சொல்லாவிட்டால் குடும்பம் சேரும். என் பிழையும் நீங்கும். அந்தக் கடைசி எண்ணத்தில்தான் விழித்துக்கொண்டேன். என் கறையைத் துடைக்க அவள் வாழ்க்கையைத் துணியாக எடுக்கப் பார்த்திருக்கிறேன். கணவர் சொல்லச் சொன்ன பிறகும் அந்த ஆசை எழுந்தது என்பதை நினைவில் வையுங்கள். இரக்கத்தின் உருவில் வரும் தன்னலத்தை அடையாளம் காண்பது கடினம்.

செல்வியை முதலில் தனியே அழைத்தேன். "பகல்ல எப்படிம்மா? கை ஓங்குவாரா, வார்த்தை தடிக்குமா?"

"பகல்லயா? சோத்துல உப்பு இல்லன்னா கூட சொல்ல மாட்டாருங்க. நானே தின்னு பாத்து தெரிஞ்சிக்கணும்." பிறகு, "அன்னிக்கே சொல்ல வந்தேங்க. நீங்க எழுத ஆரம்பிச்சிட்டீங்க" என்றார். குற்றம் சாட்டும் குரலில் அல்ல. நடந்ததைச் சொல்லும் குரலில்தான். என்னைச் சுட அது போதுமானதாக இருந்தது.

பிறகு எல்லாரையும் அமர்த்தி, ஏழுமலையின் சம்மதத்தோடு, செவிலியர் எடுத்த படத்தைக் காட்டினேன். நான் ஒரு சொல்லும் விளக்கவில்லை. பூசாரி கைபேசியை வாங்கிக் கண்ணருகே வைத்து இரண்டாம் முறை பார்த்தார். தம் புருவத்தைத் தடவிக்கொண்டார்.

"பன்னிக்கு பயப்படற வீரன் எந்த ஊர்லயாச்சும் உண்டா?" என்றார் மெல்ல. "அப்ப என்னைக் குத்தினது..."

"பன்னின்னு நெனச்சிதாங்க" என்றார் ஏழுமலை, தலையைக் குனிந்துகொண்டு.

செவிலியர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். பூசாரியும் சிரித்துவிட்டார். ஆனால் அடுத்த கணமே எழுந்து நின்று, "தெய்வம் சொல்லாததை தெய்வம் சொல்லுச்சுன்னு சொல்லிட்டேன். நாளைக்கு ஊரு கூடறப்ப நானே சொல்றேன்" என்றார். தம் வாக்கைத் தாமே திரும்பப் பெறுவது ஒரு பூசாரிக்கு எளிதன்று. அதை அவர் செய்தார். மறுநாள் ஊர் நடுவே சொன்னதாகவும் கேள்விப்பட்டேன்.

அண்ணன் மட்டும் அசையவில்லை. "இனிமே அடி வுழாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா டாக்டரம்மா?"

"முடியாதுப்பா. கம்மியாகும்னு சொல்வேன். தனித்தனியா படுக்கணும், நடுவுல சுவர் இருக்கணும், அவர் படுக்கிற இடத்துல அரிவாள், மண்வெட்டி எதுவும் இருக்கக் கூடாது. பெரிய ஊருக்கு அனுப்பி உறக்க ஆய்வும் செய்யணும். இவ்வளவும் செஞ்சாலும் நான் எழுதித் தர முடியாது." பின்னர், பிற்காலத்தில் வரக்கூடியதையும் செல்வியின் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

அண்ணன் எழுந்துவிட்டார். "கேட்டுக்கினியா? இன்னிக்கு அடி, நாளைக்கு கை காலு வராது. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. எதுக்குப் போற அங்க? வா, வண்டியில ஏறு."

ஏழுமலை மனைவியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "மச்சான் சொல்றது நாயம்தான்" என்றார்.

செல்வி எழவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தார்.

"தூக்கத்துல கூட என்னை வுட்டுட்டு ஓடல அண்ணா அவரு. நான் முழிச்சினு இருக்கும்போதே ஓடிடட்டுமா?"

அண்ணன் வேன் சாவியைக் கையில் எடுத்தார். பிறகு வெளியே போய்விட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாரோ என்று எண்ணினேன். வாசலில் டீக்கடையில் நின்று, உள்ளே ஏழுமலைக்கும் சேர்த்து நான்கு டீ அனுப்பினார்.

அன்றே அனுப்பிவைக்க எனக்கும் ஆசைதான். ஆனாலும் மாத்திரையின் பயன் தெரியும்வரை காத்திருக்கச் சொன்னேன். காத்திருந்தார்கள். பூசாரியே ஏழுமலையின் வீட்டுத் தாழ்வாரத்தில் எட்டப் படுத்து, அமைதியான இரவுகளை எண்ணிக்கொண்டு வந்து சொன்னார். வெளியூர் ஆய்வும் நோயை உறுதி செய்தது. நான் பதிவேட்டில் திருத்தக் குறிப்பு எழுதினேன்; காவல் நிலையத்துக்கும் என் கையெழுத்தில் கடிதம் கொடுத்தேன். ஆவணி பிறந்த பிறகு செல்வி தம் வீட்டுக்குப் போனார். அடுத்த அறையில் தனிக் கட்டிலில் படுத்தார்.

ஆறேழு ஆண்டுகள் கழித்து இருவரும் என்னைத் தேடி வந்தார்கள். ஏழுமலையின் வலக்கைக் கட்டைவிரல் மடியில் கிடந்தபடி மெல்ல நடுங்கியது. "நீங்க சொன்னது வந்துடுச்சுங்க" என்றார். செல்வி அருகில் அமர்ந்து, எந்த நாளில் முதல் நடுக்கம் கண்டார், எந்தச் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் போயிற்று என்று வரிசையாகச் சொன்னார். அவர்கள் முகத்தில் கவலை இருந்தது, திகைப்பு இல்லை. அன்று நான் வாயை மூடியிருந்தால், அந்த நாற்காலிகளில் திகைத்த ஒருத்தியும், மறைத்த குற்றம் சுமந்த ஒருவரும் அமர்ந்திருப்பார்கள். செல்வி சொல்லி முடிக்கும்வரை நான் பேனாவின் மூடியைத் திறக்கவில்லை.

இதைப் படிக்கும் யாவர்க்கும் அண்ணாமலையான் துணை நிற்பானாக. உங்களிடம் வருவோர் சொல்ல வந்ததை முழுவதும் சொல்லிச் செல்வார்களாக. உங்கள் இல்லங்களில் ஒருவர் உறக்கம் மற்றவர்க்கு அச்சமாகாதிருக்கட்டும். உண்ணாமுலைத் தாய் உங்கள் விழிப்பையும் உறக்கத்தையும் காப்பாளாக.